எரிகோ மதில் விழுந்ததா? வாசகர் கேள்வி - பதில்

பைபிளும் தொல்லியலும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்து இந்த முறை எடுத்துக்கொண்டேன். கோபமாக எழுதியவர்களும் உண்டு, அவர்களையும் விட்டுவிடவில்லை. ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் பெரும்பாலும் தமிழ் பைபிளில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பைபிளில் உள்ள ஒவ்வொரு சம்பவமும் அகழாய்வில் நிரூபணமாகிவிட்டது என்று எங்கள் சபைக் கூட்டத்தில் பேசினார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகனோ எல்லாமே பிற்காலத்தில் கட்டிவிட்டது என்கிறான். வீட்டில் தினமும் வாக்குவாதம். யார் சொல்வது சரி?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இரண்டு தரப்பும் பைபிளை ஒரே புத்தகம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறது, வாக்குவாதம் முடியாததற்குக் காரணம் அதுதான். புராட்டஸ்டண்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73. சில நூல்கள் சம்பவம் நடந்து ஓரிரு தலைமுறைக்குள் எழுதப்பட்டவை. வேறு சிலவற்றுக்கும் அவை சொல்லும் காலத்துக்கும் நடுவே பல நூறு ஆண்டு இடைவெளி. ராஜாக்கள் காலம் என்றால், அதிலும் கி.மு. 9ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது என்றால், மண்ணிலிருந்து வந்த சாட்சிகள் பெரும்பாலும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. அதற்கு முன்னால் போகப்போக ஒத்துப்போவது குறைகிறது. இஸ்ரவேலரைக் கானான் நாட்டுக்குள் நடத்திவந்த யோசுவாவின் காலத்துக்கு வந்தால் பல இடங்களில் நேராகவே முட்டிக்கொள்கிறது. ஆபிரகாம் காலத்துக்குப் போய்விட்டால் முட்டிக்கொள்ளக்கூட எதுவும் அகப்படவில்லை. மகனிடம் சனகெரிப் படையெடுப்பைப் பற்றிக் கேளுங்கள், சபையில் ஆயி பட்டணத்தைப் பற்றிக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் கீழே இருக்கிறது.

கேள்வி: "ஏராளமான ஆதாரங்கள் உண்டு" என்று பொதுவாகச் சொல்லி முடிக்காமல், நன்றாக ஒத்துப்போகும் ஒரே ஒரு சம்பவத்தை முழுசாகச் சொல்லுங்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கி.மு. 701. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டில் எசேக்கியா ராஜா. அசீரியாவுக்குக் கட்டிக்கொண்டிருந்த கப்பத்தை நிறுத்திவிட்டார். அசீரிய ராஜா சனகெரிப் சும்மா இருப்பானா, படையோடு வந்துவிட்டான். இந்தக் கதை 2 இராஜாக்கள் 18, 19ஆம் அதிகாரங்களில் இருக்கிறது, ஏசாயா புத்தகத்திலும் வருகிறது. யூதாவின் அரணான பட்டணங்கள் எல்லாம் விழுகின்றன. லாகீசில் முகாம் போட்டிருக்கும் சனகெரிப்புக்கு எசேக்கியா ஆளனுப்பி, தப்பு என்னுடையதுதான், எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்கிறார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்று முடிவாகிறது (தாலந்து என்பது அந்தக் காலத்து எடை அளவு).

இந்த வழக்கில் எதிர்த்தரப்பின் வாக்குமூலமும் நம்மிடம் இருக்கிறது. 1830இல் அசீரியத் தலைநகர் நினிவேயில் கிடைத்த, ஆறு பக்கம் கொண்ட சுட்ட களிமண் பட்டகம் ஒன்று, முழுக்க ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழைய எழுத்து. வாங்கியவர் பெயரில் அதை டெய்லர் பட்டகம் என்பார்கள், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் சனகெரிப்பே பேசுகிறான்: யூதாவின் 46 மதில் சூழ்ந்த பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவை அவன் நகரமான எருசலேமுக்குள்ளேயே கூண்டுப் பறவைபோல அடைத்தேன், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வாங்கினேன். பொன் கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது பாருங்கள். வெள்ளியில் மட்டும் கொடுத்தவர் 300 என்கிறார், வாங்கியவர் 800 என்கிறார். நம்மூரில் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய யாருக்கும் இது புதிதாக இருக்காது.

அடுத்தது லாகீசு. நினிவேயில் சனகெரிப்பின் அரண்மனையை 1840களில் லேயர்ட் என்ற ஆங்கிலேயர் தோண்டியபோது, ஒரு அறையின் சுவர் முழுக்க லாகீசு முற்றுகையைச் செதுக்கி வைத்திருந்தது தெரியவந்தது. மண்மேடு போட்டு மதிலேறும் படை, மேலிருந்து தீப்பந்தம் எறியும் ஜனங்கள், மூட்டை முடிச்சோடு வரிசையாகப் போகும் கைதிகள், சிம்மாசனத்தில் உட்கார்ந்து கொள்ளையைப் பார்வையிடும் ராஜா. அந்த லாகீசு இன்றைய இஸ்ரேலில் ஒரு மேடாக இருக்கிறது. அங்கே தோண்டினால், சிற்பத்தில் கண்ட அதே முற்றுகைச் சரிவு கல்லும் மண்ணுமாக அப்படியே கிடக்கிறது, கூடவே அம்பு முனைகள், கவண் கற்கள். பைபிள், அசீரியச் சிற்பம், மண்மேடு என்று ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொள்ள முடியாத மூன்று சாட்சிகள் ஒரே முற்றுகையைச் சொல்வது தொல்லியலில் அடிக்கடி அமையும் விஷயம் இல்லை.

எருசலேமிலும் அதே காலத்துத் தடயம் உண்டு. எசேக்கியா தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தார் என்று 2 இராஜாக்கள் 20:20 சொல்கிறது. பாறையைக் குடைந்த அந்தச் சுரங்கம் 533 மீட்டர் நீளம், இன்றும் அதில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு கோஷ்டி இரண்டு முனையிலிருந்து வளைந்து வளைந்து குடைந்துவந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். 1880இல் உள்ளே விளையாடப் போன பையன் ஒருவன் கண்ணில் பட்ட கல்வெட்டு அந்தக் கடைசித் தருணத்தைச் சொல்கிறது: இன்னும் மூன்று முழம் பாறை பாக்கி இருக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது, கோடாலிக்கு எதிர்க் கோடாலி விழுந்தது, தண்ணீர் 1,200 முழம் ஓடியது. ராஜாவின் பெயர் அதில் இல்லவே இல்லை, வேலை பார்த்தவர்களின் சந்தோஷம்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு இதுதான். 2003இல் சுரங்கத்தின் பூச்சிலிருந்த தாவரத் துணுக்குகளையும் மேலே படிந்திருந்த சுண்ணப் படிவையும் ஆய்வு செய்து, கி.மு. 700ஐ ஒட்டிய காலம் என்று கணித்தார்கள். அப்புறம், மதிலைப் பலப்படுத்த வீடுகளை இடித்தீர்கள் என்று ஏசாயா 22:10 கடிந்துகொள்கிறதே, அதற்கு ஏற்றமாதிரி 1970களில் நாமான் அவிகாத் ஏழு மீட்டர் கனமுள்ள ஒரு மதிலைக் கண்டுபிடித்தார். வீடுகளை வெட்டிக்கொண்டு அவற்றின் மேலேயே போகிறது அந்த மதில்.

இவ்வளவும் ஒத்துப்போகிறதே என்று முழுக் கதைக்கும் முத்திரை குத்திவிடவும் முடியாது. ஒரே இரவில் கர்த்தருடைய தூதன் 1,85,000 அசீரியரைச் சங்கரித்தான் என்று பைபிள் சொல்கிறது. சனகெரிப் அப்படி எதையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான், தோல்வியைக் கல்லில் வெட்டிய அசீரிய ராஜா கிடையாது. ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்றும் அவன் சொல்லவில்லை. தலைநகரத்தை விட்டுவிட்டு லாகீசை அரண்மனைச் சுவரில் செதுக்கிக்கொண்டான். ஏதோ ஒரு காரணத்தால் எருசலேம் தப்பியது, அது வரைக்கும் நிச்சயம். கொள்ளைநோயா, பேரமா, தூதனா என்று கடப்பாரையால் சொல்ல முடியாது. இன்னொன்று, சனகெரிப் ஊர் திரும்பியதும் மகன்கள் கையால் செத்தான் என்பதுபோல வசனம் அடுத்தடுத்து ஓடுகிறது. மகன் கொன்றது உண்மை, பாபிலோனியக் குறிப்பும் அதைச் சொல்கிறது. ஆனால் நடந்தது கி.மு. 681இல், இருபது ஆண்டு கழித்து.

கேள்வி: தாவீது ராஜா உண்மையிலேயே இருந்தாரா?
– மாணவர், பாளையங்கோட்டை

பதில்: இருந்தார் என்றே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வார்கள். 1990களின் தொடக்கத்தில் கேட்டிருந்தால் "ஆதாரம் இல்லை, கதாபாத்திரமாகக்கூட இருக்கலாம்" என்று அடித்துச் சொன்ன பேராசிரியர்கள் இருந்தார்கள். 1993இல் வடக்கு இஸ்ரேலில் தெல் தாண் மேட்டில் அவ்ராகாம் பிரான் தலைமையில் தோண்டிக்கொண்டிருந்தபோது, சுவரில் வைத்துக் கட்டியிருந்த உடைந்த கல் ஒன்றில் எழுத்து இருப்பதை அளவெடுப்பாளர் கிலா குக் பார்த்தார். அடுத்த ஆண்டு இன்னும் துண்டுகள் கிடைத்தன. கி.மு. 9ஆம் நூற்றாண்டு, அரமேய மொழி. தமஸ்கு ராஜா ஒருவன், அநேகமாக ஆசகேல், தன் வெற்றியைப் பீற்றிக்கொள்கிறான், அதில் "தாவீதின் வீடு" என்று யூதா அரச வம்சத்தைக் குறிப்பிடுகிறான். தாவீது செத்து நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் எதிரி நாட்டவன் எழுதியது. இல்லாத ஆளின் பெயரால் பக்கத்து நாட்டு வம்சத்தை யாரும் அழைக்கமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே கல் பைபிளோடு சண்டையும் போடுகிறது. உடைந்த இடங்களை நிரப்பிப் படித்தால், இஸ்ரவேல் ராஜா யோராமையும் யூதா ராஜா அகசியாவையும் நான்தான் கொன்றேன் என்கிறான் கல்லை நட்டவன். 2 இராஜாக்கள் 9இல் இருவரையும் கொன்றது இஸ்ரவேல் படைத்தலைவன் யெகூ. யாரை நம்புவது? எனக்கு இதில் பைபிள் பக்கமே கொஞ்சம் சாய்வு, அடுத்தவன் செய்த கொலையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது ராஜாக்களின் பழக்கம்.

தாவீது இருந்தார் என்பதால் அவருக்குப் பெரிய சாம்ராஜ்யம் இருந்தது என்று ஆகிவிடாது. மெகிதோ, ஆத்சோர், கேசேர் மூன்று ஊரிலும் ஒரே மாதிரி ஆறு அறைகள் கொண்ட கோட்டை வாசல்கள் கிடைத்தபோது, 1 இராஜாக்கள் 9:15ஐக் காட்டி சாலொமோன் கட்டியது என்றார் யிகாயேல் யாதின். அது அடுத்த நூற்றாண்டு, யூதாவுக்கு வடக்கே இருந்த இஸ்ரவேல் நாட்டு ராஜாக்கள் கட்டியது என்கிறார் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன். கிர்பெத் கெயாஃபா என்ற மேட்டில் தோண்டிய யோசேப் கார்ஃபின்கெல், தாவீது காலத்திலேயே யூதாவில் மதிலுள்ள ஊர் இருந்தது பாருங்கள் என்கிறார். சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தக் கால எருசலேம் சின்ன மலையூர்தான் என்பதே என் எண்ணம்.

கேள்வி: எரிகோ மதில் இடிந்து விழுந்ததைத் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்று ஞாயிறு பள்ளியில் படம் காட்டினார்கள். உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: இஸ்ரவேலர் சுற்றிவந்து ஆர்ப்பரித்ததும் எரிகோ மதில் விழுந்தது என்கிறது யோசுவா 6. விழுந்த மதில் உண்மை, காலம்தான் ஒத்துவரவில்லை. 1930களில் ஜான் கார்ஸ்டாங் தோண்டி, இதோ யோசுவா காலத்து மதில் என்று அறிவித்தார், உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. உங்கள் ஞாயிறு பள்ளிப் படம் அநேகமாக அந்த நாளின் வாரிசு. 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அதே மேட்டை மண்ணடுக்கு மண்ணடுக்காகப் பிரித்துத் தோண்டினார். கார்ஸ்டாங் காட்டிய மதில் யோசுவாவுக்கு ஆயிரம் ஆண்டுபோல முந்தியது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு இருந்த பட்டணமும் கி.மு. 1550 வாக்கில் எரிந்துபோனது. யோசுவா வந்ததாகப் பொதுவாகச் சொல்லும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே இடிந்து விழுவதற்கு மதிலே இல்லை. பின்னாளில் எரிந்த தானியத்தைக் கார்பன் ஆய்வுக்கு அனுப்பினார்கள், அதுவும் கி.மு. 16ஆம் நூற்றாண்டு என்றே வந்தது.

எரிகோவாவது வாதாடலாம். யோசுவா 8இல் அடுத்து விழும் ஆயி பட்டணம் இன்னும் சிக்கல். எத்-தெல் என்ற மேடுதான் ஆயி என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள், யூடித் மார்கே-க்ராவுஸ் 1933 முதல் 35 வரை அங்கே தோண்டினார். கி.மு. 2400 வாக்கிலேயே அந்தப் பட்டணம் அழிந்து, பின்னர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. யோசுவா பிடிக்க அங்கே ஆள் வேண்டாமா?

ஆத்சோர் வேறு மாதிரி. அதை யோசுவா சுட்டெரித்தார் என்று 11ஆம் அதிகாரம் சொல்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அந்த அரண்மனை கடும் தீயில் எரிந்தது உண்மை, சிலைகளின் தலையும் கையும் வெட்டப்பட்டுக் கிடந்தன. கொளுத்தியவர்கள் இஸ்ரவேலர்தான் என்கிறார் அங்கே தோண்டிய அம்னோன் பென்-தோர். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, தீ வைத்தவன் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லையே.

கேள்வி: செங்கடலுக்கு அடியில் பார்வோனின் ரதச் சக்கரங்கள் கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: ரான் வயட் என்ற அமெரிக்கர் கிளப்பிவிட்டது. அவர் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ், தொல்லியல் படித்தவர் அல்ல. நோவாவின் பேழை, உடன்படிக்கைப் பெட்டி, ரதச் சக்கரம் எல்லாவற்றையும் ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்றால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும். ஆய்வுக்குக் கொடுக்கும்படி ஒரு சக்கரம்கூட மேலே வரவில்லை. ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததும் பொய்யா? அவர்கள் எங்கிருந்துதான் வந்தார்கள்?
– ஆசிரியை, வேலூர்

பதில்: யாத்திராகமம் 12:37 சொல்வது ஆண்கள் மட்டும் ஆறு லட்சம். குடும்பத்தோடு கணக்குப் போட்டால் இருபது லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பேர் நாற்பது ஆண்டு சீனாய் வனாந்தரத்தில் இருந்தால் அடுப்புச் சாம்பலும் உடைந்த பானையுமாவது மிஞ்ச வேண்டும். அவர்கள் நெடுநாள் தங்கிய காதேஸ் பர்னேயா என்று கருதப்படும் இடத்தில் தோண்டியும் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அந்த எண்ணிக்கையில், அந்த மாதிரி நடந்ததாக நான் நம்பவில்லை.

சிறு கூட்டம் ஒன்று தப்பி வந்திருக்கலாம், அதற்குத் தடையில்லை. கானானியர் எகிப்துக்குப் போவதும் வருவதும் தங்குவதும் எகிப்தின் பழைய பதிவுகளிலேயே நிறைய உண்டு. யாத்திராகமம் சொல்லும் ராமசேஸ் பட்டணமும் நிஜமாக இருந்த ஊர், இரண்டாம் ராமசேஸ் கட்டியது, பின்னால் கைவிடப்பட்டது. ஏதோ ஒரு பழைய ஞாபகம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலில் வருவதும் எகிப்தியக் கல்லில்தான். 1896இல் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி தீப்ஸ் நகரில் எடுத்தது, மெர்னெப்தா என்ற பார்வோன் கி.மு. 1208 வாக்கில் நட்டது. இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போயிற்று என்று அதில் பெருமை பேசுகிறான். சரித்திரத்தில் இதைவிடப் பெரிதாகப் பொய்த்துப்போன அரச அறிக்கை இருக்குமா தெரியவில்லை. பக்கத்து ஊர்களின் பெயரோடு நாட்டைக் குறிக்கும் அடையாளம் போட்டவன், இஸ்ரவேலுக்கு மட்டும் ஜனக்கூட்டத்தைக் குறிக்கும் அடையாளம் போட்டிருக்கிறான். அந்தக் காலத்தை ஒட்டித்தான் கானானின் நடு மலைநாட்டில் மதிலில்லாத சின்னச் சின்னக் கிராமங்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கின்றன. பானைகள் கானானியப் பானைகளின் சாயல். ஆனால் பன்றி எலும்பு மிகக் குறைவு, கடலோரப் பெலிஸ்தர் ஊர்களில் அது குப்பையாகக் கிடக்கும்போது. இவர்களே முதல் இஸ்ரவேலர், பெரும்பாலும் உள்ளூர் ஜனங்களே என்பது இன்று பலரும் ஏற்கும் முடிவு.

கேள்வி: பைபிள் சொல்லாமல் விட்டதை மண் சொன்னது உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. இஸ்ரவேல் ராஜா ஆகாப் என்றால் நமக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பிடுங்கியவன், யேசபேலின் புருஷன், அவ்வளவுதான். ஆனால் கி.மு. 853இல் கர்கார் என்ற இடத்தில் அசீரியாவைத் தடுத்து நின்ற கூட்டணியில் 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்தவன் இஸ்ரவேலனாகிய ஆகாப் என்று அசீரிய ராஜா சல்மனாசாரின் கல் சொல்கிறது. ரத எண்ணிக்கையில் அந்தக் கூட்டணியில் அவனே முதல். 2,000 கொஞ்சம் ஊதிச் சொன்னதாக இருக்கலாம். பைபிளில் இந்தப் போரைப் பற்றி ஒரு வரி கிடையாது, எழுதியவருக்கு அவன் கானானியத் தெய்வமான பாகாலைக் கும்பிட்டானா என்பதே கவலை. அதேபோல, ஆகாபின் வீட்டை அழித்த சூரன் யெகூ, அதே சல்மனாசாரின் காலடியில் முகம் தரையில் பட விழுந்து கப்பம் கட்டுவதை கறுப்புத் தூண் ஒன்றில் செதுக்கியிருக்கிறார்கள். அதுவும் பைபிளில் இல்லை.

மோவாப் ராஜா மேசா நட்ட கல் 1868இல் ஜோர்தானின் தீபானில் கிடைத்தது. 2 இராஜாக்கள் 3இல் வரும் அதே மேசா. இஸ்ரவேல் ராஜா உம்ரி எங்களை ஒடுக்கினான், எங்கள் தெய்வம் கேமோஷ் கோபமாக இருந்ததால் அப்படி ஆனது, பின்பு அவரே மீட்டார் என்கிறான். தெய்வத்தின் பெயரை மாற்றிவிட்டால் நியாயாதிபதிகள் புத்தகத்தைப் படிப்பதுபோலவே இருக்கும்! அந்தக் கல்லைத் தேடி வெளிநாட்டார் போட்டி போடவும், உள்ளூர் பெதுவின்கள் எரிச்சலில் நெருப்பில் காயவைத்துத் தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். கிளெர்மோன்-கானோ என்ற பிரெஞ்சுக்காரர் முன்பே ஆளனுப்பி ஈரக் காகிதத்தில் அச்சு எடுத்து வைத்திருந்ததால் இழந்த எழுத்தில் பெரும்பகுதி மீண்டது.

கேள்வி: ஆபிரகாமுக்கு ஒட்டகம் இருந்தது தப்பு என்று ஒரு செய்தி படித்தேன்.
– வாசகி, சென்னை

பதில்: இஸ்ரேலின் அரபா பள்ளத்தாக்கில் செம்புச் சுரங்கங்கள் பக்கம் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, அங்கே பொதி சுமக்கும் ஒட்டகம் வந்தது கி.மு. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் என்றார்கள். ஆபிரகாம் அதற்குப் பல நூறு ஆண்டு முந்தியவர். கதையை எழுதியவர் தன் காலத்து ஊர்தியைப் பழங்கதைக்குள் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒட்டகத்தை வைத்து ஆபிரகாமையே இல்லை என்பதும் அதிகப்படி.

கேள்வி: எல்லாம் பழைய ஏற்பாடாகவே இருக்கிறது. புதிய ஏற்பாடு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: காலம் நெருக்கம் என்பதால் ஊர், உத்தியோகம், குளம் எல்லாம் நன்றாகவே பொருந்துகின்றன. 1961இல் செசரியா நாடக அரங்கில் படிக்கட்டாகப் போட்டிருந்த கல்லில், இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம அதிகாரி பிலாத்துவின் பெயரும் பதவியும் லத்தீனில் இருந்தன. யோவான் 5 சொல்லும் ஐந்து மண்டபமுள்ள பெதஸ்தா குளத்தை வெறும் உருவகம் என்று நினைத்தவர்கள் உண்டு. தோண்டினால் இரட்டைக் குளம், நாலு பக்கமும் நடுச்சுவரும் சேர்ந்து ஐந்து. 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்தபோது பெரிய படிக்கட்டு வெளிப்பட்டது, யோவான் 9இல் குருடன் கண் கழுவிய சீலோவாம் குளம் அதுவே என்று தோண்டியவர்கள் சொன்னார்கள். அப்போஸ்தலர் 18இல் பவுலை விசாரிக்க மறுத்த கல்லியோன், கி.பி. 51, 52 வாக்கில் ரோம அதிபதியாக இருந்ததைக் கிரேக்கத்தின் டெல்பி கல்வெட்டு காட்டுகிறது. பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டுக்கணக்குப் போட ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கொம்பு அதுதான். 1968இல் எருசலேம் பக்கம் ஒரு கல்லறைப் பெட்டியில் குதிகால் எலும்பு ஒன்று ஆணியோடு கிடைத்தது, சிலுவையில் அறையப்பட்ட யாரோ ஒருவருடையது. அறையப்பட்டவரையும் முறையாக அடக்கம் செய்தது உண்டு என்பதற்கு அது சாட்சி.

லூக்கா 2 மட்டும் உறுத்துகிறது. சீரியாவில் சிரேனியு தேசாதிபதியாக இருந்தபோது குடிமதிப்பு என்கிறார் லூக்கா. சிரேனியு அங்கே வந்து குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6இல். மத்தேயு சொல்வதுபோல ஏரோது ராஜா காலத்தில் இயேசு பிறந்தார் என்றால், ஏரோது செத்தது கி.மு. 4இல். ஏறக்குறைய பத்து ஆண்டு இடிக்கிறது. இதைச் சரிக்கட்டச் சொல்லும் சமாதானங்கள் நிறைய, எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை.

கேள்வி: சாக்கடல் சுருள்கள் கிடைத்ததும் பைபிளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று உறுதியாகிவிட்டதே?
– போதகர், திருநெல்வேலி

பதில்: ஒரு எழுத்துகூட என்று சொல்லாதீர்கள் ஐயா. 1947இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள், அதுவரை கையில் இருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. எழுத்துக்கூட்டல், சொல் என்று சின்ன வித்தியாசங்கள் ஏராளம் இருந்தாலும் அதே ஏசாயாதான், பிரதி எடுத்தவர்களின் கவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே குகைகளில் எரேமியா இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்று நம் பைபிளில் உள்ளதுபோல நீளமானது. இன்னொன்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ளதுபோலக் குட்டையானது. இரண்டையும் ஒரே காலத்தில் படித்திருக்கிறார்கள். அப்புறம், பிரதி ஒழுங்காக எடுத்தார்கள் என்பதும் அதில் எழுதியிருப்பது நடந்தது என்பதும் வேறு வேறு வழக்கு.

கேள்வி: என் மாமனார் புனித பூமி டூர் போனபோது எருசலேமில் "பிலாத்து காலத்துக் காசு" வாங்கி வந்தார். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, சிவகாசி

பதில்: பிலாத்து அடித்த வெண்கலக் காசுகள் அபூர்வம் இல்லை, நிறையவே கிடைக்கின்றன, அதனால் அசலாகவும் இருக்கலாம். அங்கே பழம்பொருள் விற்க அரசு உரிமம் வேண்டும், நாட்டைவிட்டு எடுத்துப்போக அனுமதிச் சீட்டும் வேண்டும். அந்தச் சீட்டு மாமனாரிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், மனசு கஷ்டப்படவும் வேண்டாம். வாஷிங்டனில் உள்ள பைபிள் மியூசியமே சாக்கடல் சுருள் என்று வாங்கி வைத்திருந்த 16 துண்டுகளும் போலி என்று 2020இல் தெரியவந்தது. இயேசுவின் சகோதரன் யாக்கோபின் எலும்புப் பெட்டி என்று 2002இல் உலகமே பரபரத்ததே, அந்த வழக்கு பல ஆண்டு இழுத்து 2012இல் உரிமையாளர் போலி செய்த குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். எழுத்து அசலா என்பது இன்றுவரை தீரவில்லை. மண்ணடுக்கிலிருந்து ஆய்வாளர் கையால் வந்த பொருளுக்கும் கடையிலிருந்து வந்த பொருளுக்கும் இதுதான் வித்தியாசம்.

கேள்வி: மகாபாரதத்துக்கும் இப்படித் தோண்டிப் பார்த்தார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பார்த்தார்கள். 1950 முதல் 52 வரை பி.பி.லால் அஸ்தினாபுரத்தில் தோண்டினார். சாம்பல் நிறத்தில் ஓவியம் தீட்டிய மட்கலங்கள் கிடைத்த அடுக்கில் மண்ணும் நாணலும் சேர்த்துக் கட்டிய வீடுகள் இருந்தன. பளிங்கு மாளிகை இல்லை. அந்த ஊரைக் கங்கை வெள்ளம் அரித்துக்கொண்டு போன தடயமும் இருந்தது. பரீட்சித்தின் வழிவந்த நிச்சக்ஷு என்ற ராஜா வெள்ளத்தால் அஸ்தினாபுரத்தை விட்டு கௌசாம்பிக்குப் போனான் என்று புராணங்கள் சொல்வதோடு லால் இதைச் சேர்த்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் எப்போதும் வரும். அந்தக் காலத்துக் கங்கைச் சமவெளியில் பெயர் சொல்லும் கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. யூதாவுக்கு அசீரியாவும் பாபிலோனும் எகிப்தும் பக்கத்து வீடு, மூவரும் கல்லிலும் களிமண்ணிலும் எழுதித் தள்ளியவர்கள். குருவம்சத்துக்கு அந்த மாதிரி அண்டைவீடு வாய்க்கவில்லை.

கேள்வி: விசுவாசத்தைக் குலைப்பதற்காகவே நாத்திகர்கள் செய்யும் ஆராய்ச்சியை எல்லாம் எதற்கு அச்சிடுகிறீர்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஆயியில் 1964 முதல் பல ஆண்டு தோண்டி, யோசுவா காலத்தில் அங்கே பட்டணம் இல்லை என்று எழுதிய ஜோசப் காலவே, அமெரிக்காவில் தென் பாப்டிஸ்ட் சபையின் இறையியல் கல்லூரிப் பேராசிரியர். கும்ரானைத் தோண்டிய ரோலண்ட் தே வோ கத்தோலிக்கத் துறவி. தோண்டியவர்களில் நாத்திகர்களும் உண்டு, ஆனால் இந்தத் துறையைத் தொடங்கி வளர்த்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கையில் பைபிளோடு போனவர்கள்தான்.

கேள்வி: இந்தக் கற்களை எல்லாம் நேரில் பார்க்க எங்கே போகவேண்டும்?
– வாசகர், பாண்டிச்சேரி

பதில்: எருசலேமுக்கு மட்டும் போனால் பாதிதான் பார்ப்பீர்கள். லாகீசு சிற்பங்கள், டெய்லர் பட்டகம், யெகூ விழுந்து கிடக்கும் கறுப்புத் தூண் மூன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், நுழைவுக் கட்டணம் இல்லை. மேசாவின் கல் பாரிஸ் லூவரில். மெர்னெப்தாவின் கல் கெய்ரோவில். தெல் தாண் கல் எருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில், ஏசாயா சுருளும் அங்கேதான். எசேக்கியாவின் சுரங்கத்துக்குள் நீங்களே நடந்து போகலாம், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், சில இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வரும். ஆனால் அந்தக் கோடாலிச் சத்தக் கல்வெட்டை அங்கே தேடாதீர்கள். யாரோ 1890 வாக்கில் பாறையிலிருந்து பெயர்த்துத் திருடப்போய் உடைத்துவிட்டார்கள், துண்டுகளை மீட்டபோது ஊர் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்ததால் இஸ்தான்புல்லுக்குப் போய்விட்டது. அங்கே தொல்லியல் மியூசியத்தில் இருக்கிறது.